முதலில் பூட்டைப் பாருங்கள்: பழைய மடக்குக் கத்திகளைப் பற்றி

பழைய மடக்குக் கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் அலகைத்தான் பார்ப்பார்கள். கூர் மிச்சம் இருக்கிறதா, துரு எவ்வளவு, எந்தக் கம்பெனி முத்திரை என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அலகும் பிடியும் சேரும் இடத்தை. விரித்த அலகை விரித்தபடியே நிறுத்தி வைப்பது எது? ஸ்பிரிங்கா, வளையமா, கொக்கியா, பக்கத் தகடா? இதற்கு விடை தெரிந்தால், அந்தக் கத்தி யாருக்காக, என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

பல வருடங்களாகப் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்த்து வருகிறேன். கம்பெனி வாரியாகச் சேர்ப்பவர்கள் உண்டு. நாடு வாரியாகவும், பிடியின் பொருள் வாரியாகவும் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பது பூட்டு வாரியாக. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பூட்டு எதற்கு?

மடக்குக் கத்தி எந்தப் பக்கம் மடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூர் இருக்கும் பக்கம்தான், அதாவது உங்கள் விரல்கள் பிடித்திருக்கும் பக்கம். ஆனால் மாம்பழம் நறுக்கும்போதும் கயிறு அறுக்கும்போதும் அது மடங்குவதில்லை. கூரை ஒரு பொருளின் மேல் வைத்து அழுத்தினால், அந்தப் பொருள் அலகைத் திருப்பித் தள்ளும் திசை விரிக்கும் திசை. அந்தப் பக்கம் அலகு மேற்கொண்டு நகராதபடி ஒரு தடை இருக்கும். ஆகவே சாதாரண நறுக்கு வேலைக்குப் பூட்டே தேவையில்லை.

ஆபத்து வருவது வேறு இரண்டு வேலைகளில். நுனியால் எதையாவது குத்தித் துளைக்கும்போது ஒன்று. மரத்தில் சிக்கிய அலகை அசைத்து வெளியே எடுக்கும்போது இன்னொன்று. இரண்டிலும் அலகின் முதுகில் விசை விழலாம். முதுகில் விழும் விசை அலகை மடக்கப் பார்க்கும். அந்த நொடியில் விரலுக்கு இருக்கும் பாதுகாப்பு பூட்டு மட்டும்தான். உலகத்தில் எத்தனை வகைப் பூட்டு உண்டோ அத்தனையும் இந்தச் சின்னச் சிக்கலுக்கு ஒவ்வொரு ஊர்க் கைவினைஞரும் சொன்ன பதில்.

பூட்டே இல்லாத கத்திகள்

முதலில் பூட்டில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். இவற்றை ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். பிடியின் முதுகுப்பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் ஓடும். அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். விரித்தால் விரிந்த நிலையிலும் மடக்கினால் மடங்கிய நிலையிலும் அலகு நிற்கும். கொஞ்சம் பலம் கொடுத்தால் மடங்கிவிடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் இந்த வகைக் கத்தியால் உலகச் சந்தையைப் பிடித்தது. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஜோசப் ராட்ஜர்ஸ், ஐ.எக்ஸ்.எல். என்று முத்திரையிட்ட ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் ஆகிய பெயர்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சட்டத்தால் இறக்குமதி வரியை ஏற்றியது. ஷெஃபீல்டுக்கு அது பெரிய அடி; அமெரிக்கக் கத்திக் கம்பெனிகளுக்கு நல்ல காலம்.

அப்படி வளர்ந்தவற்றில் பென்சில்வேனியாவின் கேஸ் கம்பெனியைச் சேகரிப்பாளர்களின் செல்லம் என்றே சொல்லலாம். காரணம், அதன் முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் கத்தியின் வயது தெரிந்துவிடும். 'கேஸ் எக்ஸ்.எக்ஸ்.' என்று மட்டும் இருந்தால் 1940 முதல் 1964 வரை. அதோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்திருந்தால் 1965 முதல் 1969 வரை. 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளி குறைந்து 1979இல் ஒற்றைப் புள்ளியில் வந்து நின்றது. அலகில் இருக்கும் எண்ணுக்கும் பொருள் உண்டு. 6254 என்றால் 6 எலும்புப் பிடியைக் குறிக்கும், 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 கத்தியின் வடிவம். டிராப்பர் என்று அழைக்கப்படும் அந்த வடிவத்தில் நீளமான இரண்டு அலகுகள் இருக்கும். தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பவர்கள் தோலுரிக்கப் பயன்படுத்தியது. கூரை இழுத்து அறுக்கும் வேலை அது. அதற்கு ஸ்பிரிங்கே போதுமானதாக இருந்தது.

சுவிஸ் கத்தியும் இந்தக் குடும்பம்தான். இபாக் ஊரின் கார்ல் எல்ஸ்னர் 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியின் அழகே அதன் ஸ்பிரிங்கில் இருக்கிறது. ஒரே ஸ்பிரிங் பிடியின் இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கும். அதனால் கனம் கூடாமல் கருவிகள் கூடின. சுவிஸ் ராணுவத்தின் சிப்பாய்க் கத்தி 1890இல் முடிவானது. அதன் பெரிய அலகுக்குப் பூட்டு வந்தது 2008 மாதிரியில்தான். ஒரு ராணுவம் நூறு வருடங்களுக்கு மேல் பூட்டில்லாமலே காலம் தள்ளியிருக்கிறது. பூட்டில்லாத கத்தியைக் குறைபாடுள்ள கத்தி என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஒரு வளையம்

பிரான்ஸின் சவுவா மலைப்பகுதியில் ஜோசப் ஓபினல் 1890இல் தன் முதல் மடக்குக் கத்தியைச் செய்தார். 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு அளவுகளை வகுத்தார். மிகச் சிறிய ஒன்றாம் எண்ணும், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சிக்கிய பதினொன்றாம் எண்ணும் பிறகு நிறுத்தப்பட்டன. முடிசூட்டிய கை முத்திரை 1909இல் வந்தது. ஆசீர்வதிக்கும் அந்தக் கை பக்கத்து ஊரான செயின்ட் ஜான் டி மொரியானின் சின்னம். கிரீடம் சவுவா கோமகன்களைக் குறிக்கிறது.

இந்தக் கத்தியில் ஸ்பிரிங் கிடையாது. பீச் மரப் பிடியில் ஒரு பிளவு, ஒரு தறையாணி, ஒரு அலகு, அவ்வளவுதான். மரம் அலகைக் கவ்வும் உராய்வில்தான் எல்லாமே நின்றது. 1955இல் மார்செல் ஓபினல் அதோடு விரோபிளாக் என்ற வளையத்தைச் சேர்த்தார். பிடியின் கழுத்தில் பிளவுள்ள ஒரு எஃகு வளையம். வளையலைத் திருப்புவது போல அதைத் திருப்பினால் பிளவு நகர்ந்து, மூடிய பகுதி அலகின் பாதையை அடைத்துவிடும். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. ஆறாம் எண்ணிலிருந்து பெரிய அளவுகளுக்கு இந்த வளையம் உண்டு. மடக்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வசதி 2000இல் வந்தது.

இப்போது பூட்டை வைத்து வயது பார்ப்பதைக் கவனியுங்கள். எட்டாம் எண் ஓபினல் ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது, அதில் பூட்டு வளையம் இல்லை, வளையத்தை யாரும் கழற்றிய தடயமும் இல்லை என்றால், அது 1955க்கு முந்திய வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கத்தி ஒரு பாடமும் நடத்தும். ஈரக்காற்றில் மரப்பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகம் வைத்து இழுத்தாலும் வராது. சவுவாக்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை ஒரு கட்டை மேல் தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு பிடித்து விரித்துவிடலாம். எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுவதும் இந்தத் தட்டல் சத்தம்தான்.

சத்தம் போடும் பூட்டு

ஸ்பெயினின் நவாஹா கத்தி இதற்கு நேர் எதிர். பழைய நவாஹாக்கள் பலவற்றில் அலகின் அடியில் பற்கள் வெட்டியிருப்பார்கள். முதுகு ஸ்பிரிங்கில் ஒரு துளை. விரிக்க விரிக்க ஒவ்வொரு பல்லாக அந்தத் துளையில் ஏறி விழும். அதுதான் அந்தக் கடகட சத்தம். பாதி விரித்த நிலையிலும் அலகு திரும்பி மடங்காது. மடக்க வேண்டுமென்றால் முதுகில் இருக்கும் வளையத்தை இழுத்து ஸ்பிரிங்கைத் தூக்க வேண்டும்.

இந்தக் கத்திகளின் தலைநகரம் அல்பாசெட்டே. கத்திகளுக்கென்றே ஒரு நகராட்சி அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. இதே முறையை எளிமையாக்கிய கத்தி ஒகாபி. ஆப்பிரிக்கச் சந்தைக்காக 1902இல் ஜெர்மனியில் தொடங்கி, 1988இல் தென்னாப்பிரிக்காவுக்கே குடிபெயர்ந்தது. பல் பூட்டின் பலவீனம் அதன் ஸ்பிரிங். வருடக்கணக்கில் தூக்கித் தூக்கி அது தளர்ந்திருக்கும். பழைய நவாஹாவை வாங்குமுன் கடைசிப் பல் முழுதாகத் துளையில் உட்காருகிறதா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பக் 110

என்னிடம் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் பக் 110ஐ வைத்துக்கொள்வேன். கலிபோர்னியாவின் பக் கம்பெனி 1964இல் கொண்டுவந்த கத்தி. அன்றைய அமெரிக்க வேட்டைக்காரர்கள் இடுப்பில் உறைக்கத்தி வைத்திருந்தார்கள். அது உறுதியானது, ஆனால் நீளம். உட்காரும்போதும் வண்டி ஓட்டும்போதும் இடிக்கும். மடக்குக் கத்தி கச்சிதமானது, ஆனால் கனமான வேலைக்கு அதை நம்ப முடியாது. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டினார் ஆல் பக். மூன்றேமுக்கால் அங்குல அலகு, இரண்டு முனையிலும் பித்தளை, நடுவில் கருமையான மரம், நல்ல கனம்.

அதன் பூட்டுக்கு லாக்பேக் என்று பெயர். பக் இதைக் கண்டுபிடிக்கவில்லை. முதுகுப் பூட்டு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதை அன்றாடக் கருவியாக நம்ப வைத்தது பக்தான். பிடியின் முதுகில் ஒரு எஃகுத் தண்டு, நடுவில் அச்சு. ஒரு முனையில் கொக்கி, மறுமுனைக்குக் கீழே ஸ்பிரிங். அலகு முழுதாக விரிந்ததும் அதன் அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் கொக்கி விழும். 'டக்' என்ற அந்தச் சத்தத்தைக் காது பழகிக்கொள்ளும். சரியாக விழாதபோது சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பின்முனையை அழுத்தினால் கொக்கி மேலே எழும், அலகு மடங்கும். அலகின் முதுகில் விசை விழுந்தால் அதைத் தாங்குவது தகட்டு ஸ்பிரிங் அல்ல, பள்ளத்தின் சுவரில் முட்டி நிற்கும் முழுக் கொக்கி. உறைக்கத்திக்கு நிகரான தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

இதன் வயது பார்ப்பதும் ஒரு தனி வித்தை. தொடக்க காலக் கத்திகளில் 440சி எஃகு. 1980களின் தொடக்கத்தில் 425எம்., 1990களில் 420ஹெச்சி. முத்திரையில் வாசகமும் புள்ளிகளும் காலத்துக்குக் காலம் மாறின. 1986 முதல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு குறியீடு. 440சி கெட்டியான எஃகு. கூர் நெடுநாள் நிற்கும், மழுங்கிவிட்டால் தீட்டுவது பெரும்பாடு.

ஒருமுறை என் பழைய 110ஐத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொண்டுபோனேன். "அண்ணே, இதைத் தீட்டித் தர முடியுமா?" என்றேன். விரித்தார், பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் மறுபடி மடக்கி மறுபடி விரித்துப் பார்த்தார். "நல்ல வேலைப்பாடு சார். ஆனா வீல்ல வைக்க மாட்டேன். சூடேறினா இரும்பு செத்துடும். கல்லு வாங்கித் தண்ணி போட்டு நீங்களே பொறுமையா தேய்ங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கூலியை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த வார்த்தையை இன்றுவரை பின்பற்றுகிறேன். பதமேற்றிய எஃகைச் சக்கரத்தின் சூடு இளக்கிவிடும் என்பதைத் தொழில் தெரிந்தவர் வாயால் கேட்டது என் அதிர்ஷ்டம்.

ஸ்க்ரூடிரைவருக்கு வந்த பூட்டு

எனக்கு மிகவும் பிடித்த வரலாறு லைனர் லாக்கினுடையது. பிடியின் உட்புறத் தகட்டையே கொஞ்சம் வெட்டி வளைத்து ஸ்பிரிங்காக்கியிருப்பார்கள். அலகு விரிந்ததும் அந்தத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். கட்டைவிரலால் தகட்டைத் தள்ளினால் மடக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் கட்டராகஸ் கம்பெனி 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. 1980களில் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர் அதைச் செம்மைப்படுத்திய பிறகு உலகமெங்கும் பரவியது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு எளிய கத்தி வருகிறது: அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு எலக்ட்ரீஷியன்களுக்குக் கொடுத்த டி.எல்.-29. அதில் இரண்டு கருவிகள். ஒன்று நறுக்கும் அலகு, மற்றொன்று ஸ்க்ரூடிரைவர். பூட்டு எதற்குத் தெரியுமா? ஸ்க்ரூடிரைவருக்கு. கத்தி அலகு வெறும் ஸ்பிரிங்கில்தான் நிற்கும். ஒயரைச் சீவும்போது கை இழுக்கிறது. திருகும்போதுதான் கை அழுத்தி முறுக்குகிறது, நழுவி மடங்குவதும் அப்போதுதான். எந்த வேலையில் விரல் நசுங்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும். பூட்டு வாரியாகச் சேர்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு முழுக் காரணமும் இந்தக் கத்திக்குள் இருக்கிறது. பூட்டு வைத்த இடம், அதைப் பயன்படுத்தியவரின் கை எங்கே பலம் கொடுத்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

வாங்கும்போது, வைத்திருக்கும்போது

பழைய கத்தியை மெதுவாக விரியுங்கள். பூட்டு முழுதாக விழுந்த பிறகு அலகின் நுனிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கொக்கியோ பள்ளமோ தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டு ஆட்டம் அச்சு ஆணி தளர்ந்ததன் அடையாளம். இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிக்காதீர்கள். அது நல்ல பூட்டையும் கெடுக்கும். பள்ளத்தில் பல வருட அழுக்கு அடைந்திருந்தால் கொக்கி பாதிதான் இறங்கும். பல்குச்சியால் சுத்தம் செய்தாலே பாதிக் கத்திகள் குணமாகிவிடும்.

எண்ணெய்க்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி மூட்டை இறுக்கும். தோல் உறையில் வைத்து அலமாரியில் போடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். செல்லுலாய்டு பிடியுள்ள கத்திகளைக் கட்டாயம் தனியாக வையுங்கள். அந்தப் பொருள் சிதையும்போது வெளியேறும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும். கார்பன் எஃகில் படிந்த சாம்பல் நிறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். சிவந்த துருவை எடுங்கள், சாம்பல் நிறத்தை விட்டுவிடுங்கள். பாலிஷ் சக்கரத்தில் முத்திரை அழிந்துபோன கத்தியின் வயதை யாராலும் மீட்க முடியாது.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை நீங்கலாக, ஆயுத வகையில் வருகின்றன. ஊருக்கு ஊர் கூடுதல் கட்டுப்பாடு இருக்கலாம். இங்கிலாந்தில் பூட்டே சட்டப் பிரச்சினை. 1988 சட்டத்தின்படி மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பூட்டு இருந்தால் அது மடக்குக் கத்தி ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரலைக் காக்க வந்த உறுப்பு அங்கே கத்தியை ஆயுதத்தின் பக்கம் நகர்த்திவிட்டது. சேகரிப்பாளர்கள் பலருக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு.

தொடங்க நினைப்பவர்களுக்கு

விலை உயர்ந்த ஷெஃபீல்ட் கத்தியிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு ஸ்லிப்ஜாயின்ட், ஒரு ஓபினல், ஒரு லாக்பேக். இந்த மூன்றும் போதும், மூன்றுமே சாதாரண விலையில் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் பழம் நறுக்குங்கள், பார்சல் பிரியுங்கள், பென்சில் சீவுங்கள். ஒன்றில் உங்கள் கை தானாகவே எச்சரிக்கையாக இருக்கும், இன்னொன்றில் வளையத்தைத் திருப்ப மறக்காமலிருக்கப் பழகும், மூன்றாவதில் சத்தத்துக்காகக் காத்திருக்கும். அதன் பிறகு எந்தச் சந்தையில் எந்தப் பழைய கத்தியை எடுத்தாலும் உங்களுக்கே புரியும்.

பூட்டு விரலைக் காக்கும் என்று சொன்னேன். அதை முழுதாக நம்பி அலகின் முதுகில் பலம் கொடுப்பது தவறு. எந்தப் பூட்டும் ஒருநாள் தேயும். இந்தக் கத்திகளைச் செய்தவர்கள் கைக்கு உதவி செய்ய நினைத்தார்கள், கையின் கவனத்துக்கு மாற்று தேடவில்லை. அந்த அக்கறைக்காகத்தான் நான் இவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் வீட்டு மேசை அறையிலோ தாத்தாவின் பெட்டியிலோ ஒரு பேனாக்கத்தி கிடந்தால், அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் விரித்துப் பாருங்கள். அதன் அலகை எது நிறுத்தி வைக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் காலம், எந்த வேலை என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.